ஊரை இழந்தாலும் கடன் கடன்தான்

இலங்கையின் புத்தளம் பகுதியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். "ஹஸ்ரத், எங்கள் சொந்த ஊர் யாழ்ப்பாணம். 1990ல் எங்களை வெளியேற்றிய அன்று, பக்கத்துக் கடைக்காரருக்கு நான் 430 ரூபாய் பாக்கி. அவர் தமிழர். எங்களைத் துரத்தியவர்களும் தமிழர்களே. வீடு, கடை, நகை யாவும் போயின. அந்தப் பாக்கியும் அதோடு கழிந்ததாக வைத்துக் கொள்ளலாமா?"

இக்கேள்வியின் பாரத்தை உணர, நடந்ததைச் சற்று அறிய வேண்டும். 1990 அக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் கூட்டி, இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு கட்டளையிட்டனர். கையில் சில நூறு ரூபாயே அனுமதி. பெண்களின் காதணிகள்கூடப் பறிக்கப்பட்டன. அம்மாதக் கடைசியில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 பேர் இவ்வாறு வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர்.

இனி மார்க்கத்தின் பதிலைக் கவனிப்போம்.

முதலாவது: கடன் கழியவில்லை. அநியாயம் செய்தவர்கள் ஆயுதம் ஏந்தியவர்கள். கடன் கொடுத்தவரோ கடைக்காரர். ஒருவரின் குற்றத்தை மற்றவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆன் வகுத்த நீதி. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறத் தூண்டக் கூடாது என்றும் அல்மாயிதா அத்தியாயம் எச்சரிக்கிறது. மக்கத்துக் குறைஷியர் பெருமானார் (ஸல்) அவர்களைக் கொல்லவே திட்டமிட்டனர். ஆயினும் ஹிஜ்ரத்தின்போது, தம்மிடமிருந்த மக்காவாசிகளின் அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். "இவர்கள் எம்மைத் துரத்துகிறார்களே, இது இருக்கட்டும்" என்று எண்ணவில்லை.

இரண்டாவது: வசதியில்லையேல் தவணை உண்டு. சிரமத்திலுள்ள கடனாளிக்கு அவகாசம் தருமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான். வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்ட முஹாஜிர்களை அவன் 'ஏழைகள்' என்றே அழைக்கிறான். மக்காவில் அவர்களுக்குச் சொத்து இருந்ததே! ஆகவே ஊரில் பத்திரம் உள்ளவர் என்று கூறி அகதிக்கு ஜகாத்தை மறுப்பது சரியன்று. கடன்பட்டோரும் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் அடங்குவர்.

மூன்றாவது: கடைக்காரரைத் தேட வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். முயன்று தேடியும் ஒருவரும் கிடைக்காவிடில், ஊர் ஆலிம்களிடம் கேட்டு அத்தொகையைப் பொது நன்மையில் சேர்க்கலாம். கடமை 430 ரூபாய்தான். ஆனால் அன்றைய 430 ரூபாய் இன்றைய 430 ரூபாய் ஆகுமா? நிபந்தனை ஏதுமின்றி மனமுவந்து கூட்டிக் கொடுப்பது அழகிய செயல். நபி (ஸல்) அவர்கள் கடனாகப் பெற்ற ஒட்டகத்திற்குப் பதிலாக அதனினும் சிறந்ததைக் கொடுத்தார்கள்.

இதைச் சொன்னபோது பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவரும் அங்கே இருந்திருக்க மாட்டார், ஹஸ்ரத்" என்றார். உண்மைதான். சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, 1995ல் அதே அக்டோபர் 30 அன்று, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கான தமிழர்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறும்படி ஆயிற்று. அன்று பக்கத்துக் கடைக்காரரும் அகதியாகியிருப்பார்.

போர் 2009ல் முடிந்தது. ஆனால் மனிதர்களுக்கிடையே உள்ள கணக்குகள் போரோடு முடிவதில்லை. நமக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு நியாயம் கேட்பது நமது உரிமை. நாம் தர வேண்டியதைத் தருவது நமது கடமை. முந்தியது கிடைக்கவில்லை என்பதால் பிந்தியது நீங்காது.

சகோதர சகோதரிகளே! நம் வீட்டுக் கணக்கு நோட்டிலும் இப்படி மறந்த பெயர் ஏதேனும் உண்டா? இன்றே புரட்டிப் பாருங்கள். பிறர் ஹக்கைச் சுமந்தவர்களாக நம்மை மரணிக்கச் செய்யாது, வல்ல அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.