யவனர் தந்த மனநூல்

'யவனர்' என்னும் சொல் நமக்குப் புதியதன்று. மிளகு வாங்க மரக்கலமேறி வந்த கிரேக்க, உரோமானிய வணிகரைச் சங்க காலத் தமிழர் அவ்வாறு அழைத்தனர். கிரேக்கர் வாழ்ந்த 'அயோனியா' என்னும் கடற்கரைப் பகுதியின் பெயரே இவ்வாறு திரிந்தது. பிற்காலத்தில் அரபு நாட்டிலிருந்து வந்தோரைச் 'சோனகர்' என்றனர். அதுவும் யவனர் என்பதன் திரிபே என்பர் மொழியறிஞர். கிரேக்க மருத்துவத்திற்கு அரபியர் இட்ட 'யுனானி' என்ற பெயருக்கும் வேர் அதுவே. இவ்விரு மக்களும் உளவியலுக்கு இட்ட வித்துகளை இக்கட்டுரையில் காண்போம்.

சாபமன்று, நோய்

1879-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் அமைத்ததையே தற்கால உளவியலின் பிறப்பாகக் கொள்கிறோம். ஆயினும் அதன் வேர்கள் மிகப் பழையவை.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்கர் காக்காய் வலிப்பைத் தெய்வத்தால் வந்த 'புனித நோய்' என்று எண்ணினர். ஹிப்போக்ரட்டீசின் வழிவந்த மருத்துவர்களோ அதை மறுத்தனர். பிற நோய்களைப் போலவே இதற்கும் இயற்கையான காரணம் உண்டு. நம் இன்பமும் துன்பமும் அச்சமும் மூளையிலிருந்தே எழுகின்றன என்று எழுதி வைத்தனர்.

இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கு நீர்களும் சமநிலை தவறுவதே நோய் என்று அவர்கள் கருதினர். 'மெலங்கோலியா' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கரும்பித்தம் என்பதே பொருள். நாமும் அறிவு கலங்கியவரைப் 'பித்தர்' என்கிறோம் அல்லவா? இந்நான்கு நீர்க் கொள்கையை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஆனால் மனத்துயருக்குக் காரணம் உண்டு, அதைத் தேடிக் காணலாம் என்ற எண்ணம் மட்டும் அழியாமல் நிலைத்தது.

நாடி சொன்ன செய்தி

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் புகழுடன் விளங்கிய மருத்துவர் கேலன். உறக்கமின்றித் தவித்த பெண் ஒருத்தியைக் காண அவரை அழைத்தனர். அவள் கேள்விகளுக்கு விடை கூறாமல் முகத்தை மூடிக்கொண்டாள். உடலில் நோய் எதுவும் தென்படவில்லை. அப்போது அங்கு வந்த ஒருவர், நாடக அரங்கில் பைலடீஸ் என்னும் நடனக் கலைஞர் ஆடியதைக் கண்டதாகக் கூறினார். உடனே அப்பெண்ணின் முகம் மாறியது. நாடியும் தாறுமாறாகத் துடித்தது. அடுத்த நாட்களில் வேறு கலைஞர்களின் பெயர்களைச் சொல்லச் செய்தார் கேலன். நாடியில் மாற்றமில்லை. மீண்டும் பைலடீசின் பெயர் வந்ததும் நாடி பதறியது. வாய் மறைத்ததைக் கை நாடி கூறிவிட்டது! அவளை எவரும் கடியவில்லை, கட்டி வைக்கவுமில்லை. பொறுமையுடன் கவனித்தே உண்மையைக் கண்டறிந்தார் கேலன்.

பாக்தாத் நகரின் அறிஞர்கள்

ஒன்பதாம் நூற்றாண்டில் இவ்வறிவு பாக்தாத் நகரை அடைந்தது. கேலனின் நூல்களைச் சிரியாக் மொழியிலும் அரபியிலும் பெயர்த்தோருள் தலைசிறந்தவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். இவர் கீழைத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். இஸ்லாமிய மன்னர் ஆட்சியில் ஒரு கிறிஸ்தவர் பழைய கிரேக்கரின் அறிவை உலகுக்குக் காத்துத் தந்தார் என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

அல் பல்கி (850-934) என்ற அறிஞர் உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் ஆராய்ந்தார். சினம், அச்சம், துயரம், விடாது வாட்டும் எண்ணங்கள் ஆகிய நான்கையும் வகைப்படுத்தி விளக்கினார். திடீர் நோய்க்கு வீட்டில் மருந்து வைத்திருப்பது போல, திடீர்த் துயருக்கு நல்லெண்ணங்களை மனத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவர் அறிவுரை. தேர்வு நாட்களில் நமக்கு இதைவிடச் சிறந்த அறிவுரை உண்டோ?

இப்னு சீனா (980-1037) நினைவு, கற்பனை முதலிய அகப்புலன்களை ஐந்தாகப் பிரித்தார். ஓநாயைக் கண்டதும் ஆடு ஓடுவது ஏன்? ஓநாயின் நிறத்தையும் வடிவையும் கண் காண்கிறது. அதன் பகைமையைக் கண் காண்பதில்லை. அதை உணர்வது வேறொரு அகப்புலன் என்று அவர் விளக்கினார். அவருடைய நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இக்கருத்துகளைக் கற்று, தம் நூல்களில் எடுத்தாண்டார்.

நம் ஊருக்கு வந்த வழி

இவ்வறிவு நமக்குத் தொலைவில் இல்லை. முகம்மது உஸ்மான் தலைமையிலான குழு 1923-இல் அளித்த அறிக்கையின் பயனாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. அதில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் கற்பிக்கப்பட்டன. இன்று அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி உள்ளது. ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் சானடோரியத்தில் இறங்கினால் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைக் காணலாம். யுனானியைப் போலவே சித்த மருத்துவமும் நாடி பார்த்து நோயறிவதாகும்.

நாம் கற்கும் பாடம்

1284-இல் கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளருக்கும் தனிப்பகுதி இருந்தது. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று, நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பியோட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்ததை நாம் மறந்ததன் விலை இது. மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அறவே தடை செய்கிறது.

சட்டம் சங்கிலியைத்தான் அகற்றும். ஏளனத்தை நாம்தான் அகற்ற வேண்டும். சற்றே மாறாக நடக்கும் தோழியைப் பார்த்து, "கீழ்ப்பாக்கத்துக்குப் போக வேண்டியவள்" என்று நாம் கேலி பேசியதில்லையா? கீழ்ப்பாக்கம் கேலிக்குரிய இடமன்று. துயருற்றோர் நலம் பெறும் அரசு மருத்துவமனை இருக்கும் இடம். உறக்கமின்றி, பேச்சின்றி ஒருத்தி வாடினால், "பேய் பிடித்தது" என்று கூறும் முன் கேலனை நினைப்போம். அருகில் அமர்வோம், அவள் சொல்வதைக் கேட்போம், ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். யவனர் தந்த மனநூலின் முதற்பாடம் அதுவே!