டிவிடியில் 'சாப்டர்' வைப்பது எப்படி? – ஓர் அனுபவப் பாடம்

– இரண்டாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஏற்கெனவே பதினோரு கவிதை வந்து கிடக்கிறது, அதில் ஒன்பது காதல், தயவுசெய்து வேண்டாம் என்று கும்பிட்டார். சரி, எனக்குத் தெரிந்த ஒரே ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். சாயங்காலம் ஒரு ஸ்டுடியோவில் பகுதி நேரமாகப் பழைய கல்யாண கேசட்டுகளை டிவிடியாக மாற்றிக் கொடுக்கிறேன். அங்கே கற்றது இது.

இந்தக் காலத்தில் டிவிடி யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் அம்மாச்சி பார்க்கிறது. 2006ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் கிடைத்த 14 அங்குலப் பெட்டி இன்னும் அம்மாச்சி வீட்டில் ஓடுகிறது. அதோடு ஒரு டிவிடி பிளேயர். செல்போன் வேண்டாம், அது கைக்குள் அடங்காது என்று சொல்லிவிட்டது. படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவனே நான்தான், அதனால் வீட்டில் எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் "டிப்ளமோவைக் கூப்பிடு" என்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். தாத்தா நான் நாலு வயதாக இருக்கும்போது போய்விட்டார். ரேஷன் கார்டில் இருந்த சின்னப் படத்தைத் தவிர வேறு போட்டோ இல்லை. ஆனால் 2004ல் நடந்த எங்கள் அப்பா அம்மா கல்யாணக் கேசட்டில் ஒரே ஒரு இடத்தில் வருகிறார். பந்தியில் சாம்பார் வாளியோடு குனிந்திருப்பவர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். பிறகு வெட்கப்பட்டுத் திரும்பிவிடுகிறார். சிரிப்பு மொத்தமே 20 ஃபிரேம். ஒரு விநாடிக்குக் குறைவு! அந்த இடத்துக்கு நேராகப் போக வேண்டும் என்று அம்மாச்சி கேட்டது.

கடை வழக்கப்படி ஐந்து நிமிடத்துக்கு ஒரு சாப்டர் என்று மென்பொருளே குறி வைத்துவிடும். அப்படி முதல் டிஸ்க்கைப் போட்டுக் கொடுத்தேன். தாத்தா 15ஆவது சாப்டருக்குள் எங்கோ நடுவில் இருந்தார். அம்மாச்சி ரிமோட்டில் பதினாலு தரம் தட்டி, அப்புறம் ஓடவிட்டு, பாதியில் தூங்கிப்போனது. ஐந்து நிமிடக் கணக்கு கடிகாரத்துக்கு வசதி, பார்ப்பவருக்கு அல்ல என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது டிஸ்க்கில் குறியைச் சரியான இடத்திலேயே வைத்தேன். 1 மணி 12 நிமிடம் 42 விநாடி, 18ஆவது ஃபிரேம். போட்டுப் பார்த்தால் திரும்பிப் போகிற முதுகுதான் தெரிகிறது. "எங்கடா ஆளக் காணோம்?" என்றது அம்மாச்சி. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ஏன் இப்படி ஆச்சு?

இங்கேதான் பாடம் தொடங்குகிறது. நம் ஊர் பால் முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம். டிவிடியில் ஒரு ஃபிரேம் 720 × 576 புள்ளிகள். சுருக்காமல் அப்படியே வைத்தால் ஃபிரேம் ஒன்றுக்கு 6,22,080 பைட். விநாடிக்கு ஏறக்குறைய 15.5 மெகாபைட். அந்தக் கணக்கில் 4.7 கிகாபைட் டிஸ்க்கில் ஐந்து நிமிடப் படம்தான் அடங்கும். தாலிகூடக் கட்டி முடியாது. அதனால் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்குகிறார்கள்.

எப்படி? பால்காரர் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் முதல் தேதி பழைய பாக்கியை முழுசாக எழுதுவார். அப்புறம் தினமும் 'இன்று அரை லிட்டர் கூட' என்று மாறியதை மட்டும் எழுதுவார். 17ஆம் தேதிப் பக்கத்தை மட்டும் திறந்தால் மொத்தம் தெரியாது, முதல் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். வீடியோவும் அப்படியே. முழுப் படமாக எழுதப்பட்டது ஐ-ஃபிரேம். மற்றவை மாற்றத்தை மட்டும் எழுதியவை. அவற்றில் இரண்டு சாதி: முன்னால் வந்த படத்தைப் பார்த்து எழுதியது ஒன்று, முன்னும் பின்னும் இரண்டையும் பார்த்து எழுதியது இன்னொன்று. (ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து, தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி' ஆகிவிடுகிறது! என் நோட்டில் முன்பார்வை, இருபார்வை என்று வைத்திருக்கிறேன்.) ஒரு ஐ-ஃபிரேமிலிருந்து அடுத்த ஐ-ஃபிரேம் வரைக்கும் உள்ள கூட்டத்துக்கு ஜிஓபி என்று பெயர். பால் டிவிடியில் ஒரு ஜிஓபி 15 ஃபிரேமுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி.

சாப்டர் குறி என்பது படத்துக்குள் இருக்கிற சமாச்சாரம் இல்லை. டிஸ்க்கில் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டரைத் திறந்தால் விஓபி கோப்புகளில் படமும் ஒலியும் இருக்கும். ஐஎஃப்ஓ கோப்புகளில் விலாசங்கள் இருக்கும். சாப்டர் என்பது அந்த விலாசப் பட்டியலைக் கொண்டு போய்ச் சேருகிற ஓர் இடம். பிளேயர் அங்கே குதித்ததும் முழுப் படம் ஒன்று கையில் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எதைக் காட்டும்? எனவே குறி ஐ-ஃபிரேமில்தான் உட்காரும். நாம் வேறு இடம் சொன்னால் மென்பொருள் பக்கத்தில் இருக்கிற ஐ-ஃபிரேமுக்கு நகர்த்திவிடும். சில முன்னால் நகர்த்தும், சில பின்னால். சொல்லிக்கொண்டும் செய்யாது.

என் கணக்கைப் பாருங்கள். தொடக்கத்திலிருந்து 15, 15ஆக எண்ணினால் 42ஆம் விநாடியில் 15ஆவது ஃபிரேம் ஒரு ஐ-ஃபிரேம். அடுத்தது 43ஆம் விநாடியில் 5ஆவது ஃபிரேம். நான் கேட்டது 42ல் 18. மென்பொருள் அடுத்ததற்குத் தள்ளியது. 12 ஃபிரேம் போச்சு. 20ல் 12 போனால் சிரிப்பின் வால்தான் மிச்சம். மூன்று ஃபிரேம் முன்னால் ஒரு ஐ-ஃபிரேம் சும்மா உட்கார்ந்திருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்!

அப்படியானால் 42ல் 15 என்று கொடுத்தால் ஆகாதா? ஆகும். ஆனால் ஒவ்வொரு குறிக்கும் இப்படி எண்ணிக்கொண்டிருக்க முடியாது. எல்லா இடத்திலும் என்கோடர் சீராக 15 வைத்துப் போகும் என்ற உத்தரவாதமும் இல்லை. காட்சி பட்டென்று வெட்டினால் சில என்கோடர் தானாகவே அங்கே ஒரு ஐ-ஃபிரேம் வைத்துக்கொள்ளும். எங்கள் கேசட்டில் அதுவும் நடக்க வழியில்லை. லட்டு தின்கிற ஒரு பையன் மேல் இதய வடிவ மிக்ஸிங் போட்டு, அந்த இதயம் விரிந்துதான் தாத்தா வருகிறார். 2004ல் மிக்ஸிங்காரர்களுக்கு இதயத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது போலிருக்கிறது.

சரியான வழி, சுருக்குவதற்கு முன்பே இடத்தை முடிவு செய்து, 'இங்கே ஒரு ஐ-ஃபிரேம் வை' என்று என்கோடருக்கு உத்தரவு போடுவது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் இதற்கு 'ஃபோர்ஸ் கீ ஃபிரேம்ஸ்' என்று ஒரு கட்டளை உண்டு. நேரங்களைக் கமா போட்டு வரிசையாகக் கொடுக்கலாம். பிறகு டிவிடி ஆத்தர் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் அதே நேரங்களைச் சாப்டராகக் கொடுத்தால் போதும். ஜிஓபியை 'மூடிய' வகையாக வைப்பதும் நல்லது. திறந்த வகை என்றால் தொடக்கத்தில் உள்ள இருபார்வை ஃபிரேம்கள் முந்தைய கூட்டத்தைத் தேடும். குதித்து வந்தவனுக்கு அது கிடைக்காது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு மூன்றாவது டிஸ்க்கையும் கெடுத்தேன். எப்படித் தெரியுமா? 42 விநாடி 18 ஃபிரேம் என்பதை 42.18 என்று அடித்துவிட்டேன். ஃபிரேம் வேறு, தசமம் வேறு! விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 0.04 விநாடி. 18ஐ 0.04ஆல் பெருக்கினால் 0.72. அடிக்க வேண்டியது 42.72. அரை விநாடிக்கு மேல் முன்னால் போய் லட்டுப் பையன் வந்து நின்றான். "யார்ரா இந்தப் பய?" என்றது அம்மாச்சி. அதற்கு அது போதும், அடுத்த நொடி தாத்தா வந்துவிடுகிறாரே. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. கணக்கில் தவறு என்று தெரிந்த பிறகு எப்படி விடுவது?

நீங்கள் என்னைப் போல் டிஸ்க்கை வீணாக்காதீர்கள். எழுதுவதற்கு முன் அந்த ஃபோல்டரை விஎல்சியில் திறந்து சாப்டர் சாப்டராகத் தட்டிப் பாருங்கள். முடிந்தால் ஒரு அழித்தெழுதும் டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரு டைட்டிலில் 99 சாப்டர் வரை வைக்கலாம். இடம் இருக்கிறதே என்று வைக்காதீர்கள். சாப்டர்கள் நேர வரிசையில்தான் வரும், அதனால் தாத்தாவுக்கு முன்னால் நான் வைக்கிற ஒவ்வொரு குறியும் அம்மாச்சிக்கு ஒரு தட்டு கூடுதல். கடைசியில் நாலே குறி வைத்தேன்: தொடக்கம், தாலி கட்டு, பந்தி, மறுவீடு. மெனுவும் வைக்கவில்லை. படிக்கத் தெரியாதவருக்கு மெனு எதற்கு? டிஸ்க்கைப் போட்டதும் படம் ஓடும். இரண்டு தட்டு தட்டினால் தாத்தா.

நாலாவது டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அம்மாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தட்டு தட்டியது. தாத்தா நிமிர்ந்தார், சிரித்தார், திரும்பினார். அம்மாச்சி ஒன்றும் பேசவில்லை. ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இடது பக்கம் பார்த்த அம்புக்குறியை ஒரு தட்டு தட்டியது. பிளேயர் அதே சாப்டரின் தொடக்கத்துக்கு வந்து நின்றது. அதை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

மூணாவது தரம் பார்த்துவிட்டு, "அந்தத் துண்டு சாயம் போகும்னு அன்னிக்கே சொன்னேன்" என்றது.