டட்சன்: இரண்டு பிறவி எடுத்த கார்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நம் சங்கத்து அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "சார், டட்சன் கோ வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. ஒன்றே கால் லட்சம் சொல்கிறார்கள். ஜப்பான் வண்டிதானே, வாங்கிப் போடலாமா? பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வரவும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவும் போதும்" என்றார்.

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் டட்சன் என்ற பெயருக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. முதல் வாழ்க்கையில் சம்பாதித்த நல்ல பெயரை நம்பித்தான் இரண்டாவது வாழ்க்கையில் நமக்கு வண்டி விற்றார்கள். அந்தக் கதையைச் சொன்னால்தான் அந்த ஒன்றே கால் லட்சத்தின் அர்த்தம் விளங்கும். அன்பருக்கு அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

மசுஜிரோ ஹஷிமோட்டோ என்ற எஞ்சினியர் 1911-இல் டோக்கியோவில் ஒரு சிறிய மோட்டார் பட்டறை தொடங்கினார். அவருக்குப் பணம் கொடுத்து உதவியவர்கள் மூவர்: டென், அவோயாமா, டக்கேயுச்சி. மூவர் பெயரின் முதல் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து, 1914-இல் வெளிவந்த காருக்கு 'டட்' என்று பெயர் வைத்தார். பின்னால் ஜப்பான் அரசு, 500 சி.சி.க்கு உட்பட்ட சிறு கார்களை ஓட்ட லைசென்ஸ் வேண்டாம் என்று விதி செய்தது. அதற்கு ஏற்றாற்போல் 495 சி.சி. இஞ்சினோடு ஒரு குட்டிக் கார் 1931-இல் பிறந்தது. டட் காரின் பிள்ளை என்ற பொருளில், மகனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒட்டி 'டட்சன்' என்று பெயரிட்டார்கள்.

இங்கேதான் வேடிக்கை. அந்த ஆங்கில எழுத்துகளை ஜப்பானியர் தம் வழக்கப்படி வாசித்தால் 'சொன்' என்று வரும். அவர்கள் மொழியில் அதற்கு நஷ்டம் என்று பொருள்! கடை திறக்கும்போதே நஷ்டம் என்று பலகை மாட்டுவார்களா? ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக்கிவிட்டார்கள். பெயரில் எழுத்தைக் கூட்டிக் குறைக்கும் நம்மூர் எண்கணித ஜோசியர்கள் கேட்டால் மகிழ்வார்கள்.

இந்தக் கார்த் தொழிலைத் தன் கைக்குள் கொண்டுவந்தவர் யோஷிசுகே அயுகவா என்ற தொழிலதிபர். அவர் 1933-இல் நிறுவிய கம்பெனி அடுத்த ஆண்டே நிஸ்ஸான் மோட்டார் என்று பெயர் மாற்றிக்கொண்டது. யோகஹாமா தொழிற்சாலையில் 1935 முதல் டட்சன் கார்கள் கன்வேயர் முறையில் வரிசையாக வெளிவந்தன. போருக்குப் பிறகு 1952-இல் இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆஸ்டின் கார்களை ஜப்பானில் கட்டியபடியே தொழிலையும் கற்றுக்கொண்டார்கள். நாம் மாரிஸ் ஆக்ஸ்போர்டை வாங்கி அம்பாசிடர் ஆக்கிய அதே காலம்தான். அவர்கள் கற்றதை வைத்து மேலே போனார்கள். நாம் அதே வண்டியை 2014 வரை கட்டிக்கொண்டிருந்தோம்.

டட்சனை உலகறியச் செய்தவர் யுத்தகா கத்தயாமா என்ற விற்பனை அதிகாரி. 1958-இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவரும் கடுமையான பந்தயத்துக்கு இரண்டு டட்சன் கார்களை அழைத்துப்போய், ஒன்றைத் தன் பிரிவில் முதலாவதாக வரச் செய்தார். 1960-இல் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அப்போதிருந்த டட்சன் கார்களுக்குச் சக்தியும் போதாது, பிரேக்கும் போதாது. குளிர்காலத்தில் காலையில் இஞ்சினைக் கிளப்புவதே பெரும்பாடு. கத்தயாமா அந்தக் குறைகளை மூடி மறைக்கவில்லை. அமெரிக்கச் சாலைக்கு என்ன வேண்டும் என்று டோக்கியோவோடு ஓயாமல் சண்டை போட்டார். 1967-இல் வந்த டட்சன் 510 காருக்கு அமெரிக்காவில் 1600 சி.சி. இஞ்சின்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கினார்.

அந்த 510-ஐப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அதன் விலை 2,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. அந்த விலைக்கு முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், மேலேயே கேம் ஷாப்ட் உள்ள 96 குதிரைத்திறன் இஞ்சின், பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே மேடுபள்ளத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன். இவையெல்லாம் அந்நாளில் விலை உயர்ந்த ஐரோப்பியக் கார்களில் இருந்த சங்கதிகள். 'ஏழையின் பி.எம்.டபிள்யூ' என்றே அதற்குப் பெயர் வந்தது. கொடுக்கும் காசுக்கு மேல் கொஞ்சம் வைத்துக் கொடுப்பது என்று நம் ஊர்க் காய்கறிக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டல்லவா, கொசுறு என்போமே, அதுதான் 510-இன் ரகசியம். அடுத்து 1969-இல் அறிமுகமான 240 இஸட் ஸ்போர்ட்ஸ் கார் 3,526 டாலர். அதுவும் இதே கணக்குத்தான்.

கென்யா நாட்டுச் சபாரி ராலியில் 1970, 1971, 1973 ஆகிய ஆண்டுகளில் டட்சன் வென்றது. 1973-இல் ஓட்டியவர் சேகர் மேத்தா, உகாண்டாவில் பிறந்து கென்யாவில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர். அவரே 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை டட்சன் வயலட்டில் வென்றார். சேறும் கல்லும் நிறைந்த பல ஆயிரம் கிலோமீட்டர் அது. வண்டியில் சத்து இல்லாமல் நடக்காது. எல்லாம் நிறை என்றும் சொல்ல முடியாது. அக்காலத்து டட்சன்களின் தகடு குளிர் நாடுகளில் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது ஊரறிந்த விஷயம்.

நம் நாட்டுக்கும் அந்தப் பழைய டட்சன் மறைமுகமாக வந்திருக்கிறது. 1980-களின் நடுவில் பம்பாய் பிரீமியர் கம்பெனி வெளியிட்ட 118 என்.இ. காரை நம்மில் மூத்தவர்கள் பலர் ஓட்டியிருப்பீர்கள். உடம்பு பியட் என்றாலும் இஞ்சின் நிஸ்ஸானுடையது. டட்சன் 1200, டட்சன் பி 210 ஆகிய கார்களில் இருந்த ஏ12 இஞ்சின்தான் அது.

இவ்வளவு நல்ல பெயரை எடுத்தபின், 1981-இல் கம்பெனி ஒரு முடிவு எடுத்தது: இனி எங்கும் நிஸ்ஸான் என்ற பெயர்தான், டட்சன் வேண்டாம். பெயர்ப்பலகைகளையும் விளம்பரங்களையும் மாற்றவே சுமார் 50 கோடி டாலர் செலவானதாகச் சொல்வார்கள். 1986-க்குள் டட்சன் என்ற பெயர் சந்தையிலிருந்து மறைந்தது. முதல் பிறவி முடிந்தது.

இரண்டாவது பிறவி நம் வாசலிலேயே நடந்தது. நிஸ்ஸான் தலைவராக இருந்த கார்லோஸ் கோன், முதன்முதலாகக் கார் வாங்கும் குடும்பங்களுக்காக டட்சன் பெயரை மீண்டும் கொண்டுவருவதாக 2012-இல் அறிவித்தார். இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா, பிறகு தென்னாப்பிரிக்கா ஆகியவை குறி. 2013 ஜூலையில் நம் தில்லிக்குப் பக்கத்துக் குர்காவ்னில் 'கோ' காரைக் காட்டினார்கள். சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாரித்து, 2014 மார்ச்சில் 3 லட்சத்து 12 ஆயிரம் ரூபாய்க்கு விற்பனைக்கு விட்டார்கள். கத்தயாமா அப்போது உயிரோடு இருந்தார், வயது 104. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் காலமானார்.

கோ வண்டியை வைத்திருந்தவர்கள் பொதுவாகப் பாராட்டுவது இரண்டு விஷயம். ஒன்று இடம்: பின்சீட்டில் மூன்று பேர் முழங்கால் இடிக்காமல் உட்காரலாம், டிக்கியில் ஊருக்குப் போகும் பெட்டிகள் அடங்கும். மற்றொன்று 1200 சி.சி. இஞ்சின். 68 குதிரைத்திறன் என்பது இந்த எடை குறைந்த வண்டிக்குத் தாராளம், மேம்பாலம் ஏறும்போது கியர் மாற்ற வேண்டிய அவசியமே வராது. நான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், சந்துக்குள் திருப்புவதற்கு இதைவிடச் சுலபமான வண்டி கிடைப்பது அரிது.

சரி, விலை எப்படிக் குறைந்தது? கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். ரேடியோ இல்லை, செல்போனைச் செருக ஒரு தாங்கி மட்டும். கை பிரேக்கைத் தேடினால் டேஷ்போர்டுக்குக் கீழே இழுக்கும் பிடியாக இருக்கும். இவற்றைப் பற்றிக் குடித்தனக்காரன் குறை சொல்ல மாட்டான். தொடக்கத்தில் எந்த வகையிலும் ஏர் பேக் இல்லை, ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லை என்பதுதான் விவகாரம். 2014 நவம்பரில் குளோபல் என்கேப் என்ற சர்வதேச அமைப்பு மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் காரை மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்கள் பாதுகாப்புக்கு நட்சத்திரம் பூஜ்யம். உடற்கூடே நிலைகுலைந்துவிட்டது, ஏர் பேக் வைத்தாலும் பெரிய பயன் இராது என்று அறிக்கை சொன்னது. அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, வண்டியைச் சந்தையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கோனுக்குக் கடிதமே எழுதினார். இந்தியச் சட்டம் கேட்பதையெல்லாம் வண்டி நிறைவேற்றுகிறது என்பது கம்பெனியின் பதில். அதுவும் உண்மைதான், சட்டம் அப்போது அவ்வளவுதான் கேட்டது. நியாயமாகச் சொன்னால், அதே ஆண்டு சோதித்த ஆல்டோ 800, ஸ்விப்ட், ஐ10, நானோ ஆகியவற்றின் ஏர் பேக் இல்லாத வகைகளும் பூஜ்யமே வாங்கின.

510-இல் அதே விலைக்கு இன்னும் எதைச் சேர்க்கலாம் என்று யோசித்தார்கள். கோவில் இன்னும் எதை எடுத்துவிடலாம் என்று யோசித்தார்கள் போலும். நம் ஜனங்களும் ஏமாளிகள் இல்லை. கடன் வாங்கி முதல் கார் எடுக்கிறவர், அதை நாலு பேர் பார்க்கத்தான் எடுக்கிறார். மலிவு என்று பலகை மாட்டிய வண்டி அவருக்கு எதற்கு? 2015-இல் ஏழு பேர் அமரும் கோ பிளஸ், 2016-இல் 800 சி.சி. ரெடி கோ என்று வரிசையாக வந்தும் விற்பனை ஏறவில்லை. 2018 அக்டோபரில் கோ, கோ பிளஸ் இரண்டிலும் எல்லா வகைக்கும் முன்பக்கம் இரண்டு ஏர் பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் வைத்தார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2020-இல் இந்தோனேசியாவிலும் ரஷ்யாவிலும் நிறுத்தினார்கள். 2022 ஏப்ரலில் ஒரகடத்திலும் டட்சன் நின்றது. உதிரி பாகமும் சர்வீஸும் தொடரும் என்று நிஸ்ஸான் அறிவித்தது.

இப்போது அன்பரின் கேள்விக்கு வருகிறேன். பெயர் நின்றுபோன வண்டி என்பதால்தான் பழைய டட்சன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது. இஞ்சினைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். கோவில் இருப்பது நிஸ்ஸான் மைக்ராவின் பெட்ரோல் இஞ்சின் வகை, ரெடி கோவின் 800 சி.சி. இஞ்சின் ரெனோ குவிட்டிலும் இருந்தது. ஆகவே தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். பம்பர், விளக்கு, கண்ணாடி போன்ற டட்சனுக்கே உரிய பாகங்களைத்தான் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கியதை மறுபடி விற்கலாம் என்ற கணக்கும் கூடாது.

பதிவுச் சான்றிதழில் வண்டி தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். கோ என்றால் 2018 அக்டோபருக்குப் பிந்தையதா என்று பாருங்கள். ஸ்டியரிங் நடுவிலும் இடப்பக்க டேஷ்போர்டிலும் ஏர் பேக் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர் பேக் விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், எரிந்து அணையவில்லை என்றாலும் பேரத்தை விட்டுவிடுங்கள். ரெடி கோவுக்கு 2019-இல் ஓட்டுநர் ஏர் பேக்கோடு நடந்த சோதனையில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்கம்பக்கத்தில் காய்கறி வாங்கிவரப் போதும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஆக்ரா எக்ஸ்பிரஸ் சாலையில் போக நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அன்பர் மறுநாளே போய்ச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். 2015 ஜூன் என்று இருந்ததாம். வண்டிக்காரர் பத்தாயிரம் குறைத்துத் தருவதாகச் சொல்லியும் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிட்டார். பையன் இப்போதைக்குப் பள்ளிக்கூடப் பஸ்ஸிலேயே போய்வருகிறான்.