பனியில்லாமல் பனிச்சறுக்கு

கோடையில் குடுமியான்மலையின் பாறைச் சரிவில் அச்சமின்றி நிற்கிறோம். மழை பெய்து பாசி படிந்தால் அதே இடத்தில் கால் வழுக்குகிறது. சரிவு மாறவில்லை, உராய்வுதான் குறைந்துவிட்டது.

ஒரு சாய்தளத்தின் கோணம் கூடக்கூட, பொருளைக் கீழே இழுக்கும் விசை வளர்கிறது. அது தளத்தை அழுத்தும் விசை குறைகிறது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பொருள் வழுக்கத் தொடங்கும். அக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பே உராய்வுக் குணகம் ஆகும்.

குணகம் 0.3 என்றால் கோணம் ஏறக்குறைய 17 பாகை. மெழுகிட்ட சறுக்குக் கட்டைக்கும் பனிக்கும் இடையே, ஓடும்போது, குணகம் சுமார் 0.05 தான். 3 பாகைச் சரிவே ஓட்டம் தொடரப் போதும்! உராய்வின் வெப்பத்தால் பனியின் மேற்பரப்பு சிறிது உருகி, அந்த மெல்லிய நீர்ப்படலம் எண்ணெய்போல் உதவுகிறது.

பனியில்லாத இடத்தில் எவ்வாறு பயில்வது? எடின்பரோ அருகே ஹில்எண்ட் குன்றில், 1960களில், தூரிகை போன்ற பிளாஸ்டிக் இழைகளாலான சறுக்குத் தளத்தை அமைத்தார்கள். இத்தகைய தளங்களில் நீர் தெளித்து உராய்வைக் குறைப்பதுண்டு. நம் நாட்டு வீரர் சிவ கேசவன் வேறு வழி கண்டார். லூஜ் என்னும் சறுக்கு வண்டியில் சக்கரங்களைப் பொருத்தி, இமயமலைச் சாலைகளில் பயின்றார். 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார்.

செய்து பாருங்கள்: பாறையில் வேண்டாம், ஒரு பலகை போதும். அதன்மேல் தீப்பெட்டியை வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். பெட்டி நகரத் தொடங்கும்போது, பலகை முனையின் உயரத்தை அடிப்பக்க நீளத்தால் வகுத்தால் குணகம் கிடைக்கும். பெட்டிக்குள் சில நாணயங்களை இட்டு மீண்டும் அளந்து பாருங்கள். கோணம் மாறுகிறதா? ஏன்?