சிறுகதைப் போட்டிக்கு அனுப்பும் முன்...

அமரர் கல்கி நினைவுப் போட்டி, வாரமலரின் டி.வி.ஆர். நினைவுப் போட்டி எனத் தமிழில் சிறுகதைப் போட்டிகளுக்கு நல்ல மரபு உண்டு. சுந்தர ராமசாமியின் ‘தண்ணீர்’ கதையும் ‘சாந்தி’ இதழின் புதுமைப்பித்தன் நினைவுப் போட்டியில் பரிசு பெற்றதுதான். உழைத்து எழுதிய கதை, விதியை மீறியதால் படிக்கப்படாமலே ஒதுக்கப்பட்டுவிடக் கூடாது. அதற்காகச் சில குறிப்புகள்:

1. அறிவிப்பை முழுதாகப் படித்து, வயது வரம்பு, சொல் வரம்பு, கடைசித் தேதி, அனுப்பும் முறை நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசித் தேதி என்பது பெரும்பாலும் கதை அவர்கள் கைக்குச் சேர வேண்டிய தேதி. நீங்கள் தபாலில் சேர்க்கும் தேதி அல்ல.

2. பிரசுரமாகாத கதை என்றால் இதழில் வராதது என்று மட்டும் பொருளல்ல. முகநூல், வலைப்பூ, வாட்ஸ்அப் குழு, பிரதிலிபி எதில் வெளியிட்டிருந்தாலும் பல போட்டிகளில் அது பிரசுரமானதாகவே கொள்ளப்படும். போட்டிக்கு என்று முடிவு செய்த கதையை எங்கும் பகிராதீர்கள்.

3. சொல் வரம்பைத் தாண்டினால் எழுத்தளவைச் சுருக்கி ஒளிக்காதீர்கள், கதையைச் சுருக்குங்கள். முதலில் வெட்ட வேண்டிய இடம் பெரும்பாலும் தொடக்கம்தான். கிழக்கு வெளுத்தது, மரகதம் எழுந்தாள், கோலம் போட்டாள், காபி கலந்தாள் என்று ஒரு பக்கம் போன பிறகு, “பத்திரத்துல நீயும் ஒரு கையெழுத்தைப் போட்டுடு, மரகதம்” என்று அண்ணன் பேனாவை நீட்டுகிறான் என்று வையுங்கள். கதை அந்தப் பேனாவில்தான் தொடங்குகிறது. முன்னால் உள்ள பக்கத்தை எடுத்துவிடலாம். கோலம் அவசியமானால், கையெழுத்துப் போடத் தயங்கும் அவள் விரலில் ஒட்டியிருக்கும் மாவாக வரட்டும்.

4. முடிவிலும் ஒரு பத்தியை மூடிப் பாருங்கள். கதை சொல்லிவிட்டதை நீதியாக மறுபடி சொல்லும் பத்தி அங்கே இருக்கும். அது வேண்டாம்.

5. பரிசு பெற்ற பழைய கதைகளைப் படியுங்கள், தரம் புரியும். ஆனால் அதே அச்சில் எழுதாதீர்கள். அந்த மாதிரிக் கதைகள் நடுவரிடம் குவிந்திருக்கும்.

6. எழுதி முடித்ததும் ஒரு வாரம் எடுத்து வைத்துவிட்டு, பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் வாக்கியத்தைத் திருத்துங்கள். ஒற்றுப்பிழை, ர-ற, ல-ள-ழ, ந-ன-ண மயக்கம் ஆகியவற்றை இன்னொருவர் கண்ணுக்கும் காட்டுங்கள்.

7. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கதை வேறு கணினியில் வெறும் குறிகளாகத் தெரியலாம். யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறியிருக்கலாம். வரி வரியாகச் சரிபாருங்கள்.

8. கதைப் பக்கங்களில் பெயர் கூடாது என்றால், தலைப்பின் கீழ், பக்கத்தின் அடியில், கோப்பின் பெயரில் என எங்கும் அது இருக்கக் கூடாது. பெயர், முகவரி, தொலைபேசி எண் தனித் தாளில் இருக்கட்டும்.

9. ‘சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல’ என்ற உறுதிமொழி கேட்டிருந்தால் கையெழுத்திட்டு இணையுங்கள். அது மனமறிந்த உண்மையாக இருக்க வேண்டும்.

10. காப்புரிமை யாருக்கு என்று பாருங்கள். பரிசு பெறாத கதைக்கும் நிரந்தர உரிமை கேட்டாலோ, தொகுப்பில் சேர்க்க இத்தனை பிரதி வாங்கவேண்டும் என்றாலோ விலகிவிடுவது நல்லது.

11. தமிழிலேயே எழுதி உலகப் போட்டியிலும் கலந்துகொள்ளலாம். காமன்வெல்த் சிறுகதைப் பரிசு தமிழ்க் கதைகளையும் ஏற்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. 2,000 முதல் 5,000 சொற்களுக்குள், எங்கும் வெளிவராத கதையாக இருக்க வேண்டும். 18 வயது நிறைந்த காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அனுப்பலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் இதில் அடக்கம். சிங்கப்பூரின் தங்கமுனை விருதில் தமிழ்ச் சிறுகதைப் பிரிவு தனியாகவே உண்டு.

12. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்பாதீர்கள். எந்தக் கதை, எங்கே, என்று அனுப்பினோம், முடிவு எப்போது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தபாலில் அனுப்பினால் பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

13. பரிசு கிடைக்காவிட்டால் கதை மோசம் என்று அர்த்தமில்லை. முடிவு வெளியானதும் கதையை மறுபடி படித்துச் செப்பனிட்டு, பொருத்தமான இதழுக்கு அனுப்புங்கள்.

பரிசு சிலருக்குத்தான் கிடைக்கும். ஆனால் கெடு வைத்து ஒரு கதையை முடிக்கும் பழக்கம் கலந்துகொள்ளும் எல்லோருக்கும் கிடைக்கும். அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இன்றே எழுதத் தொடங்குங்கள்.