இன்டர் மார்க்கில் சந்தேகமா? இந்த வாரத்தைத் தவறவிடாதீர்கள்

தெலங்கானா இன்டர் ரிசல்ட் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கடைசித் தேதியைத்தான். 2025-ல் ஏப்ரல் 22-ம் தேதி ரிசல்ட் வந்தது. ரீகவுண்டிங், ரீவெரிஃபிகேஷன் விண்ணப்பம் 23 முதல் 30 வரை மட்டுமே. ‘அழுகை அடங்கட்டும், அப்புறம் யோசிக்கலாம்’ என்று விட்டால் அதற்குள் தேதி போய்விடும்.

ரீகவுண்டிங் என்பது மறுகூட்டல் மட்டும். கட்டணம் பாடத்துக்கு 100 ரூபாய். ரீவெரிஃபிகேஷனுக்கு 600 ரூபாய்; மார்க் போடாமல் விட்ட விடை ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், விடைத்தாளின் ஸ்கேன் நகலும் தருவார்கள். இவை 2025 கட்டணங்கள். கட்டும் முன் இந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். செகந்திராபாத் பக்கம் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தமிழ்நாட்டில் பிளஸ் டூவுக்கு உள்ள மறுமதிப்பீடு போல, ஒரு விடைக்குக் கொடுத்த மார்க்கை மறுபடி எடைபோடும் ஏற்பாடு இங்கே இல்லை. என் யோசனை, சந்தேகமுள்ள பாடத்துக்கு 600 ரூபாயே கட்டுங்கள். நகல் கையில் இருந்தால்தான் எதையும் பேச முடியும்.

நகல் வந்ததும் பென்சிலோடு உட்காருங்கள். கையெழுத்து பிள்ளையுடையதுதானா? எழுதிய ஒவ்வொரு விடைக்கும் மார்க் விழுந்திருக்கிறதா? உள்ளே விழுந்த மார்க்கெல்லாம் முன்பக்கத்துக்கு ஏறியிருக்கிறதா?

இது வெறும் சந்தேகப் புத்தி அல்ல. 2019-ல் மஞ்சேரியால் மாவட்ட மாணவி ஒருவருக்குத் தெலுங்கில் 0 என்று வந்தது. அவர் வாங்கியது 99. ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைத் தவறாக நிரப்பிவிட்டார்கள். சரிபார்த்தவர் கண்ணிலும் அது படவில்லை. அந்த ஆண்டு தோற்ற மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தாள்களையும் அரசே இலவசமாக மறுபடி பார்க்கச் சொன்னது. 1,137 பேர் பாஸ் ஆனார்கள். அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் சொல்கிறேன்: இந்த வாரம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க் பேச்சை எடுக்காதீர்கள். மனசு கனத்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

எல்லாரும் விண்ணப்பிக்கத் தேவையில்லை. எதிர்பார்த்ததற்கு மாறாக ஒரே பாடம் சரிந்தவர்கள், ஓரிரு மார்க்கில் தோற்றவர்கள், எம்செட் வழியாக இன்ஜினியரிங் சேரத் தேவையான 45 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே நிற்பவர்கள் யோசிக்காமல் விண்ணப்பிக்கலாம். எம்செட் பெயர் இப்போது இஏபிசெட். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் போதும். என்ஐடி கனவுள்ளவர்களுக்கு 75 சதவீதக் கோடும் உண்டு.

தோற்றவர்கள் மறுகூட்டலை நம்பி சப்ளிமென்டரி கட்டணத்தைக் கட்டாமல் இருந்துவிட வேண்டாம். 2025-ல் இரண்டுக்கும் கடைசி நாள் ஒன்றுதான்; தேர்வும் மே 22-ல் தொடங்கிவிட்டது. மறுகூட்டல் விண்ணப்பத்தை வாரிய இணையதளத்தில் நீங்களே போடலாம், சப்ளிமென்டரி கட்டணத்தைக் காலேஜில்தான் கட்ட வேண்டும்.

தேதி தாண்டிவிட்டாலும் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை போகாது. திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மாணவர் பார்க்கலாம் என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் பதில் வர ஒரு மாதம் ஆகும், அட்மிஷன் காத்திருக்காது.

பத்தாம் வகுப்புக்கு வழி வேறு. 2025-ல் மறுகூட்டல் பாடத்துக்கு 500, ரீவெரிஃபிகேஷன் 1,000 ரூபாய். அவகாசம் பதினைந்து நாள். இரண்டாவதுக்குக் கட்டினால் முதலாவதுக்குத் தனியாகக் கட்ட வேண்டாம். ரீவெரிஃபிகேஷன் விண்ணப்பம் தலைமையாசிரியர் கையெழுத்தோடு போக வேண்டும். கோடை விடுமுறையில் அவரைப் பிடிப்பது லேசல்ல, ரிசல்ட் வந்த அன்றே போன் செய்துவிடுங்கள்.