சமையலறையில் மரத்தரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பழைய தரை உறுதியாக இருந்தால் அதன்மேல் எதை வேண்டுமானாலும் பதிக்கலாம் என்பது வீடு புதுப்பிப்போரிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. பெருங்கடவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து வீடுகளின் சமையலறைகளில் காணப்படும் காவித் தரையும் மொசைக்கும் செராமிக் ஓடும் மரப்பலகையின் எடையைத் தாங்கும் வலிமை உடையவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மரத்தரையைக் கெடுப்பது எடையன்று, கீழிருந்து ஏறும் ஈரமும் மேலிருந்து சிந்தும் நீருமே ஆகும். மண்ணிலுள்ள நீர் சிமெண்டின் நுண்துளைகள் வழியே தானாக மேலேறும் இயல்புடையது. இதனை நுண்புழை ஏற்றம் என்பர். ஜூன் தொடக்கத்தில் வரும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து சுவர்கள் உலருமுன்பே அக்டோபரில் துலாமழை தொடங்கிவிடும் இத்தென்கோடியில், தரைக்கு உலர்வதற்குக் கிடைக்கும் காலம் குறைவு.

ஓடு பதித்த தரையில் ஈரம் ஏறாது என்று சொல்வோர் உண்டு. ஓட்டின் பளபளப்பான மேற்பூச்சு நீராவியைத் தடுப்பது உண்மையே. எனினும் இரண்டு ஓடுகளுக்கு இடைப்பட்ட சிமெண்டு இணைப்பு அதனைத் தடுப்பதில்லை. இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: அரை மீட்டர் சதுரமுள்ள தடித்த பாலிதீன் தாளை, ஓட்டு இணைப்புகள் அதனுள் அகப்படும்படி விரித்து, நான்கு விளிம்பையும் ஒட்டுநாடாவால் அடைத்து ஒரு நாள் விட்டுவைத்தால், ஈரம் ஏறும் தரையாயின் தாளின் அடிப்பக்கம் வியர்த்திருக்கும் அல்லது இணைப்புகள் கறுத்திருக்கும். இச்சோதனையை மார்ச் மாதத்தில் செய்து திருப்தியடைவதில் பொருளில்லை, மழைக்காலத்தில் செய்யவேண்டும்.

மரம் காய்ந்துவிட்டால் பின்னர் அசையாது என்பது இன்னொரு நம்பிக்கை. வேறெந்த நம்பிக்கையையும்விட மிகுதியான பலகைகளைப் பாழாக்குவது இதுவே எனலாம். காய்ந்த மரமும் தன்னைச் சூழ்ந்த காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தன்னுள் நீரை ஏற்றும், இறக்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது மரத்திலுள்ள நீர் அதன் உலர்எடையில் ஏறத்தாழ 12 விழுக்காட்டில் நிலைகொள்ளும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக உயர்ந்தால் மரத்தின் நீர் ஏறத்தாழ 16 விழுக்காடாகும். அசைவு குறைந்த மரம் எனப் பெயர்பெற்ற தேக்கே கூட, கிடைவாட்டில் அறுக்கப்பட்ட பலகையாயின், நீர் ஒரு விழுக்காடு கூடும்போது அகலத்தில் 0.18 விழுக்காடு அளவுக்கு விரியும். அவ்வாறாயின் 3 மீட்டர் அகலமுள்ள சமையலறையில் சுவருக்குச் சுவர் நெருக்கிப் பதித்த தேக்குப் பலகைகள் கோடையிலிருந்து மழைக்குப் போகும்போது 2 சென்டிமீட்டருக்கு மேல் இடம் கேட்கும். அது கிடைக்காதபோது பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி நடுவில் கூடாரம்போல் எழும்பும். ஆகவே சுவரோரம் விடப்படும் இடைவெளியை ஆசாரியின் கைப்பிழை என்று எண்ணி நிரப்பச் சொல்வது தவறு. ஸ்கர்ட்டிங் எனப்படும் சுவரடிப் பட்டை அந்த இடைவெளியை மறைப்பதற்கே உள்ளது. அப்பட்டையைச் சுவரோடு ஆணியடிக்கவேண்டுமேயன்றிப் பலகையோடு அடிக்கக்கூடாது.

தேக்கைக் கறையான் அரிக்காது என்பது பாதி உண்மை. வைரம் பாய்ந்த நடுக்கட்டையை அது பெரும்பாலும் தொடுவதில்லை. வெளிச்சுற்றான வெள்ளைப் பகுதியை அரிக்கும். இளம் தோட்டத் தேக்கில் வெள்ளை மிகுதி என்பதைப் பலகை வாங்குவோர் கவனிப்பதில்லை. இவ்வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் ரப்பர் மரத்துக்கோ வைரமென்று தனியே இல்லை. மாவுச்சத்து நிறைந்த அதனைப் போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் ஏற்றிப் பதப்படுத்திய பின்பே பயன்படுத்தலாம், அந்த உப்பும் தொடர்ந்து நனையும் இடத்தில் கரைந்து வெளியேறிவிடும். பலகைக்கு அடியில் விரிக்கப்படும் பாலிதீன் தாள் கறையானையும் தடுக்கும் என்று நம்புவோருக்குச் சொல்லவேண்டியது, அது ஈரத்தடுப்பே தவிரக் கறையான் தடுப்பு அன்று என்பதே. தரையின் விரிசல் வழியே வரும் கறையான் பலகைக்கு அடியில் கண்ணில் படாமல் வேலை செய்யும் ஆதலால், விரிசல்களை அடைத்து மருந்திட்ட பின்னரே பலகையை விரிக்கவேண்டும்.

கடையில் மரத்தரை என்று விற்பதெல்லாம் மரம் என்று எடுத்துக்கொள்வதும் பிழையே. லேமினேட் என்பது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த அட்டையின்மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாளை ஒட்டியது. சுவீடன் நாட்டு பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977-இல் உருவாக்கிய இப்பொருள் பார்வைக்கு நன்று, ஆனால் இணைப்பில் நீர் இறங்கி ஓரம் உப்பிவிட்டால் மீண்டும் தாழ்வதில்லை. எஞ்சினியர்டு மரம் என்பது ஒட்டுப்பலகை அடுக்குகளின்மேல் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள உண்மையான மரத்தை ஒட்டியது. அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக அமைவதால் விரிவு பெரிதும் கட்டுப்படுகிறது. எஸ்.பி.சி. என்பதில் மரம் சிறிதும் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி.யும் கலந்த அது நீரில் உப்பாது, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வைத்தால் தழும்பு விழும்.

பழைய ஓட்டைப் பெயர்த்தெடுத்தாலன்றிப் பலகை விரிக்க முடியாது என்று கூறுவது வீண் செலவு வைக்கும் பேச்சு. ஒவ்வோர் ஓட்டையும் தட்டிப்பார்த்து, பொக்கென்று ஒலிப்பவற்றை மட்டும் எடுத்துச் சாந்திட்டு நிரப்பினால் போதும். தரை ரசமட்டத்துக்கு நிற்கவேண்டும் என்பதும் தேவையற்ற அச்சம்: கழுவிய நீர் வாசலை நோக்கி ஓடுவதற்காகச் சரிவாக அமைத்த பழைய தரையில், சரிவு ஒரே சீராக இருந்தால் பலகைக்குக் கேடில்லை. மேடுபள்ளமே கேடு, 2 மீட்டர் நீளமுள்ள மட்டப்பலகையை வைத்துப் பார்க்கையில் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் அங்கே சமன்செய்யவேண்டும். தேங்காயெண்ணெய் தேய்த்து மெருகேற்றிய காவித் தரையில் பசை பிடிக்காது ஆகையால், பலகைகளைத் தரையோடு ஒட்டாமல் ஒன்றோடொன்று கோத்து விரிக்கும் மிதவை முறையே அதற்குப் பொருந்தும். மிதவைத் தரையின்மேல் கனமான அலமாரியை நிறுத்தித் திருகாணியால் பிணைத்துவிட்டால் அது மிதவைத் தரையாக இராது; அலமாரியை முதலில் பழைய தரையிலேயே நிறுத்தி, பலகையை அதன் அடிவரை கொண்டுவந்து முடிப்பதே முறை.

மரத்தரை இம்மண்ணின் பழைய மரபு என்று விளம்பரம் செய்வோரும் உண்டு. தக்கலை அருகே, கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை, மரவேலையின் உச்சம் எனப் போற்றப்படுவது. ஆயினும் அதன் தரைக்குப் புகழ் தந்தது சுண்ணாம்போடு தேங்காய்ச் சிரட்டைக் கரி முதலியவற்றைக் கலந்து இட்டதாகச் சொல்லப்படும் கரும்பூச்சேயன்றி மரமன்று. பழைய வீடுகளில் பலகை இடம்பெற்றது மாடித் தளத்திலும், நெல் சேமிக்கும் அறையிலும் ஆகும். அவ்வறையின் பலகைத்தளமும் மண்ணைத் தொடாமல், அடியில் காற்றோடும்படி உயர்த்தியே அமைக்கப்பட்டது. மரத்தை மண்ணோடு ஒட்டவிடாத இந்த அறிவையே மரபு என்று சொல்லத்தகும்.

கஞ்சி வடிப்பதும், மரச்சீனி வேகவைத்த நீரைக் கொட்டுவதும், மீன் கழுவுவதும் நடக்கும் இடத்தில் எந்த மரமும் நிலைக்காது. இவ்வட்டார வீடுகள் பலவற்றில் அவ்வேலைகளுக்கென்றே பின்புறம் ‘ஒர்க் ஏரியா’ தனியே இருக்கிறது. அதன் தரையை ஓடாகவே விட்டுவிடுவது நன்று. முன்சமையலறையில் மட்டும், ஈரச்சோதனையில் தேறிய தரையின்மேல், தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று 20 சென்டிமீட்டர் ஏறும்படி 200 மைக்ரான் பாலிதீன் விரித்து எஞ்சினியர்டு பலகையை மிதவையாக இடலாம். வாளி நீர் ஊற்றித் தரையைக் கழுவும் பழக்கத்தை விடமுடியாத வீட்டார் அதனையும் தவிர்ப்பதே நல்லது.